மகனுடைய காரைக் கழுவிய கதை

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. இன்னும் சில நாட்களில் நம் சங்கத்து அன்பர்கள் பலரும் வாளியும் கையுமாக அவரவர் வீட்டு வாசலில் நிற்கப் போகிறார்கள். தலைநகரில் வந்து குடியேறி எத்தனை ஆண்டுகள் ஆனால் என்ன? அந்த ஒரு நாளில் வண்டியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால்தான் நமக்கு மனம் நிறைகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பண்டிகையை ஒட்டி நான் செய்த பிழை ஒன்றை இந்த வேளையில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. பிழை என்னுடையது; அதனால் பெற்ற பாடமோ கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படக் கூடியது.

என் மகன் குர்கானில் வேலை பார்க்கிறான். பள்ளி நாட்களிலிருந்தே அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் மீது தீராத மோகம். பத்தாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, வேறொருவர் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்ற போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை வாங்கினான். அதில் இரண்டே இருக்கைகள். இன்ஜின் முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னே, பின்சக்கர அச்சுக்கு முன்னே அமர்ந்திருக்கிறது. கூரை துணியால் ஆனது. பொத்தானை அழுத்தினால் தானே மடங்கிக்கொள்ளும். நிறம் கறுப்பு. “நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டியா?” என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் வாசலில் அந்த வண்டி வந்து நின்றபோது, வழியில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுச் சென்றார்கள். அதைக் கண்டு என் உள்ளத்திலும் ஒரு பெருமிதம் எழுந்தது என்பதை மறைப்பானேன்?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மகன் மெட்ரோ ரயிலில் அலுவலகம் சென்றிருந்தான். அவன் திரும்புவதற்குள் காரைக் கழுவி வைத்து அவனை மகிழ்விக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் பிரீமியர் பத்மினி கார் ஒன்றைப் பதினான்கு ஆண்டுகள் என் கையாலேயே கழுவியவன். எனக்கு யார் கற்றுத் தர வேண்டும்? ஒரு வாளி நீர், அதில் ஒரு பிடி துணி துவைக்கும் தூள், பழைய பனியன் ஒன்று. முதலில் உலர்ந்த துணியால் புழுதியைத் தட்டினேன். பிறகு நனைந்த துணியால் வட்டம் வட்டமாக அழுத்தித் துடைத்தேன். நண்பகல் வெயிலில், அதே துணியைப் பிழிந்து ஈரத்தையும் ஒற்றி எடுத்தேன். நிழலில் கொண்டுவந்து நிறுத்தியபோது கார் முகம் பார்க்கும் கண்ணாடி போல் இருந்தது.

மறுநாள் காலை பூஜைக்காகக் காரை வெயிலுக்குக் கொண்டுவந்தோம். மகன் முன்மூடியின் அருகே வந்து நின்றான். அதில் தெரிந்த சூரிய பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியது போல் ஆயிரம் நுண்கீறல்கள்! அவன் சிறிது நேரம் பார்த்தான். “நன்றாக இருக்கிறது, அப்பா” என்றான். அவ்வளவுதான். நானும் அதை நம்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவன் தொலைபேசியில் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கீறல், மெருகு, செலவு என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. “யாரடா அது?” என்று கேட்டேன். அவன் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னான். எனக்குத் தலை குனிந்தது. “அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?” என்றேன். “சொன்னால் இனிமேல் நீங்கள் என் காரைத் தொடவே மாட்டீர்கள் என்று பயந்தேன், அப்பா” என்றான். அந்தச் சொல்தான் என்னை மாணவனாக்கியது.

மயிரிழையினும் மெல்லிய பூச்சு

மெருகு போடும் பட்டறைக்கு நானும் உடன் சென்றேன். அங்கிருந்த தொழிலாளி, கைக்கு அடக்கமான ஓர் அளவுகருவியைக் காரின் மேல் வைத்தார். 110 என்று காட்டியது. அது 110 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தகட்டின் மேலுள்ள அத்தனை பூச்சுகளும் சேர்ந்த கனம் அது. தகட்டை ஒட்டித் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. அதன் மேல் மேடு பள்ளத்தைச் சமன் செய்யும் பூச்சு. அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இந்த மேற்பூச்சைக் கிளியர் கோட் என்கிறார்கள். பெரும்பாலான கார்களில் இதன் கனம் 40 முதல் 50 மைக்ரான் அளவுதான். நம் தலைமயிர் ஒன்றின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான். காரின் பளபளப்பு முழுவதும், வெயிலிலிருந்து நிறத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு முழுவதும், மயிரிழையினும் மெல்லிய இந்த ஏட்டில் அடங்கியிருக்கிறது.

என் பத்மினி காருக்கு இந்தத் துன்பம் ஏன் நேரவில்லை? அந்தக் காலத்து வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் கலந்திருந்தன. மெருகுக் குழம்பு தடவித் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டிக்கொள்ளும்; அடியிலிருந்து புது நிறம் எழும். கீறல் விழுந்தாலும் வெளிர் நிறத்தில் அது கண்ணை உறுத்துவதில்லை. பழைய பழக்கத்தைப் புதிய பூச்சின் மேல், அதுவும் கறுப்பு நிறத்தின் மேல் காட்டியதுதான் என் குற்றம்.

சூரிய பிம்பத்தைச் சுற்றி வட்டங்கள் ஏன் தெரிந்தன என்பதும் அன்றுதான் விளங்கியது. வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கீறல் விழுந்தது என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. எல்லாத் திசைகளிலும் எண்ணற்ற கீறல்கள் ஓடுகின்றன. அவற்றுள் ஒளியின் பிம்பத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அவை ஒன்றுசேர்ந்து பிம்பத்தைச் சூழ்ந்த வட்டமாகத் தோன்றுகின்றன. நாம் நகர்ந்தால் வட்டமும் நம்மோடு நகர்கிறது. ஆதலால் நேராகத் துடைப்பது மட்டும் பரிகாரம் ஆகாது. கீறுவது எது என்பதை அறிந்து அதை அகற்ற வேண்டும்.

கீறுவது துணியன்று, துணிக்கும் பூச்சுக்கும் இடையே அகப்படும் மணல். டில்லிப் புழுதியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. மோஸ் என்னும் கடின அளவையில் குவார்ட்ஸுக்கு 7 என்பது மதிப்பு. ஜன்னல் கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5 தான். கண்ணாடியையே கீறக்கூடிய பொருளை வைத்து, கண்ணாடியைவிட மிக மென்மையான பூச்சின் மேல் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? நான் செய்தது அதைத்தான். உலர்ந்த துணியால் புழுதி தட்டிய அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே பாதிக் கேடு முடிந்துவிட்டது.

மெருகு போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சரியாகும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மெருகு போடுவதென்பது கீறலை நிரப்புவது அன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குவது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடுகிறது, போனது திரும்புவதில்லை. பட்டறைக்காரர் ஆழமான சில கீறல்களை அப்படியே விட்டுவிட்டார். “இதையும் எடுத்தால் அடுத்த முறைக்கு ஒன்றும் மிஞ்சாது” என்றார். எங்கள் கார் இன்றும் அவற்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

அழுக்கு போன பிறகே கை படவேண்டும்

நான் கற்ற பாடத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: கையும் துணியும் பூச்சைத் தொடுவதற்கு முன்பே, போகக்கூடிய அழுக்கெல்லாம் போயிருக்க வேண்டும். இனி நாங்கள் செய்யும் முறையை வரிசையாகக் கூறுகிறேன்.

கார் நிழலில் நிற்க வேண்டும். முன்மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு பொறுக்கவில்லை என்றால் அப்போது கழுவலாகாது. சோப்பு நீரும் உப்பு நீரும் சூட்டில் நொடியில் காய்ந்து கறையாகிவிடும். அதிகாலையே உகந்த நேரம்.

முதலில் சக்கரங்கள். அவற்றுக்கென்று தனி வாளி, தனித் தூரிகை, தனித் துணி இருக்கட்டும். அவை காரின் உடலை ஒருநாளும் தொடலாகாது. ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் தட்டுகள் பெரியவை. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் இரும்புத் துகள்கள் சூடாகப் பறந்து சக்கரத்தில் ஒட்டி, பின்னர் அங்கேயே துருப்பிடிக்கின்றன. இதற்கென்று விற்கும் இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளித்தால், இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். வாடை சகிக்காது, காற்றோட்டமான இடத்தில் கையுறை அணிந்து செய்யுங்கள். வண்டி ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அடுத்தது, தொடாமல் நனைத்தல். பூச்செடிகளுக்கு மருந்து தெளிக்கும் ஐந்து லிட்டர் கைப்பம்பு இதற்குப் போதும். கார் ஷாம்பு கலந்த நீரை மேலிருந்து கீழாகத் தெளித்து மூன்று நான்கு நிமிடங்கள் ஊறவிடுங்கள். அது காய்வதற்குள் நல்ல நீரைத் தெளித்துக் கழுவிவிடுங்கள். மணலில் பெரும்பகுதி இப்போதே கீழே இறங்கிவிடும். துணி துவைக்கும் தூளும் பாத்திரம் துலக்கும் சோப்பும் வேண்டாம். அவை எண்ணெய்ப் பிசுக்கோடு காரின் மேலுள்ள மெழுகையும் எடுத்துவிடும். கார் ஷாம்புவின் வேலை அழுக்கை எடுப்பது மட்டுமன்று. துணி வழுக்கிச் செல்ல உதவுவதுமாகும்.

இப்போதுதான் கை படலாம். இரண்டு வாளிகள்: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். மைக்ரோ ஃபைபர் நூலால் ஆன கையுறையை ஷாம்பு நீரில் நனைத்து, கதவு ஒன்று, முன்மூடியில் பாதி என்று ஒரு பகுதியை மட்டும் துடையுங்கள். அழுத்தம் வேண்டாம், கையுறையின் எடையே போதும். உடனே அதை வெறும் நீர் வாளியில் அலசி மணலைப் போக்கிவிட்டு, மறுபடி ஷாம்பு நீருக்குச் செல்லுங்கள். இரண்டாவது வாளியின் அடியில் எத்தனை மணல் தங்குகிறது என்பதை ஒரு முறை கண்டவர்கள் ஒற்றை வாளியை மீண்டும் நம்பமாட்டார்கள். மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்கு அருகிலுள்ள கீழ்ப்பகுதிதான் மிகுந்த மணல் படிந்தது, அதைக் கடைசியில் துடையுங்கள். கையுறை தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. மாற்றுக் கையுறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

துணிக் கூரையை மென்மையான தூரிகையால் நெசவின் போக்கிலேயே தேயுங்கள். நன்றாக உலரும்வரை மடக்கலாகாது. ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். பாக்ஸ்டர் காரின் இரு பக்கங்களிலும் கதவுக்குப் பின்னால் இன்ஜினுக்குக் காற்றுச் செல்லும் வாய்கள் உள்ளன. அவற்றுக்குள் நீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது.

துவட்டுவதில்தான் பலரும் தவறுகிறோம். நிலத்தடி நீரில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் உண்டு. துளி தானே காய்ந்தால் உப்பு வளையமாக நின்று, நாளடைவில் பூச்சை அரிக்கும். பெரிய மைக்ரோ ஃபைபர் துண்டை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். தேய்க்கத் தேவையே இல்லை. உப்பு வளையம் முன்பே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரில் சம அளவு நீர் கலந்து துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவிவிடுங்கள்.

முடிந்ததும் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி மெதுவாகப் பிரேக் பிடியுங்கள். ஈரமான பிரேக் தட்டு உலர்வதற்கு இது அவசியம். டயருக்குக் கறுப்பு மெருகு பூசுகிறவர்கள் பக்கங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தரையில் படும் பகுதியிலோ பிரேக் தட்டிலோ அது பட்டால் உயிருக்கே ஆபத்து. இருக்கைத் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அது புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரத் துணியும் தோலுக்கென்று உள்ள பாலும் போதும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை மெழுகு பூசினால் போதுமானது. கார் மெழுகுகளில் பெயர்பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் இது ஒன்று; 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். பகல் வெயிலில் இளகிய பூச்சு மாலையில் சுருங்கும்போது எச்சத்தின் வடிவம் அதில் பதிந்துவிடும். ஈரத் துணியைச் சிறிது நேரம் அதன் மேல் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துவிடுங்கள்.

நீர் கொஞ்சம், நிதானம் அதிகம்

இத்தனை ஏற்பாடுக்கும் எத்தனை நீர் செலவாகும் என்ற கவலை நியாயமானதே. ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வீட்டு ரப்பர் குழாய் 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் கார் கழுவினால் 300 லிட்டர். நாங்கள் செலவிடுவதோ, சக்கரங்களுக்கு அரை வாளி, தெளிப்பதற்கு இரு பம்பு, இரண்டு வாளிகளிலும் பத்துப் பத்து லிட்டர், இறுதியாக அலச ஒரு வாளி: எல்லாம் சேர்ந்து சுமார் 55 லிட்டர். புழுதி குறைவாக உள்ள நாட்களில் இதுவும் வேண்டாம். அலசத் தேவையில்லாத கழுவுதிரவம் என்று ஒன்று கிடைக்கிறது. எட்டு லிட்டர் நீரில் 30 மில்லி கலந்து, பல துணிகளை நனைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் புதிய துணியாக எடுத்துத் துடைத்து உலர்த்திவிடலாம்.

இது சிக்கனம் மட்டுமன்று, கடமையுமாகும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதை ஊரிலிருந்து உறவினர்கள் சொல்லக் கேட்டோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவுவது தடை செய்யப்பட்டு, மீறியோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் நம் டில்லியிலும் ரப்பர் குழாயால் கார் கழுவுவது உள்ளிட்ட நீர் விரயத்துக்கு 2,000 ரூபாய் அபராதம் விதிக்க உத்தரவு வந்தது. பக்கத்துத் தெருவில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும்போது, நம் வாசலில் ஒரு காருக்காகக் குழாய் ஓடுவது அழகன்று.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். நம் குடியிருப்புகளில் விடியுமுன் வந்து, ஒரே வாளி நீரில் ஒரே துணியால் இருபது கார்களைத் துடைத்துவிட்டுப் போகும் இளைஞர் இருக்கிறாரே, அவர். என் மகனின் கார் விவகாரம் பரவியதும், அவரை நிறுத்திவிடலாம் என்று சிலர் பேசினார்கள். குற்றம் அவருடையதா? மாதம் முழுவதும் உழைப்பவருக்கு ஒரு நல்ல துணி வாங்கித் தந்தவர் நம்மில் யார்? நாங்கள் சில வீட்டார் சேர்ந்து அவருக்குப் பத்து மைக்ரோ ஃபைபர் துணிகளும் ஒரு கைப்பம்பும் வாங்கிக் கொடுத்தோம். தினமும் துடைப்பதற்குப் பதில் வாரத்துக்கு இரு முறை, ஆனால் நீர் தெளித்து முறையாக, அதே சம்பளத்துக்கு என்று பேசி முடித்தோம். அவருக்கு வேலை குறைந்தது. எங்கள் கார்களுக்குக் கீறல் குறைந்தது.

பூஜையன்று

சந்தனமும் குங்குமமும் இடவேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இடம் மட்டும் மாறட்டும். பூச்சின் மேல் இட்ட குங்குமம் வெயிலில் கறையாகலாம்; உலர்ந்த சந்தனத்தையும் விபூதியையும் விரலால் சுரண்டினால் அது மணல் செய்யும் வேலையைச் செய்யும். முன்கண்ணாடியில் பார்வையை மறைக்காத ஓர் ஓரத்திலும், எண் பலகையின் விளிம்பிலும் பொட்டிடுங்கள். மாலையைக் கட்டும் கம்பி பூச்சில் உரசாதபடி நூலால் கட்டுங்கள். எலுமிச்சம்பழம் நசுங்கிய பின் சக்கரத்தில் தெறித்த சாற்றைக் கழுவிவிடுங்கள்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் மகன் விடுப்பு எடுத்துக்கொண்டான். காலை ஆறு மணிக்கு இரண்டு வாளிகளோடு கீழே இறங்கினோம். சக்கரங்கள் என் பொறுப்பு. உடல் அவன் பொறுப்பு. பேச்சு அதிகமில்லை. பாதியில் அவன் கையுறையை என்னிடம் நீட்டி, “முன்மூடியை நீங்கள் செய்யுங்கள், அப்பா” என்றான். நான் கீறிய அதே இடம். அழுத்தாமல், கையுறையின் எடையை மட்டும் நம்பி, நுனியிலிருந்து கண்ணாடி வரை ஒரு முறை இழுத்தேன். பிறகு அதை வெறும் நீர் வாளியில் அலசினேன்.

இந்த ஆண்டும் அப்படியே செய்வதாக இருக்கிறோம். அன்பர்கள் தத்தம் வீடுகளில், தத்தம் பிள்ளைகளோடு, இரண்டு வாளிகளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.